இருநூறு ஏலக்காயை எத்தனை விதமாகக் கூறு போடலாம்? கணித மேதை ராமானுஜம் கண்ட விடை

போடிநாயக்கனூருக்குப் போனவர்கள் அந்த ஊரின் மணத்தை மறக்க மாட்டார்கள். மேற்கே மலைச் சரிவில் விளையும் ஏலக்காய், ஸ்டோரில் காய்ந்து, போடிமெட்டுச் சாலை வழியாக மூட்டை மூட்டையாகக் கீழே இறங்குகிறது. கிட்டங்கிகளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய்களைத் தரம் பிரிக்கிறார்கள். பருத்த காய் ஒரு பக்கம், சிறுத்த காய் ஒரு பக்கம், வெடித்த காய் இன்னொரு பக்கம்.

அந்தக் குவியலிலிருந்து ஒரே மாதிரியான நான்கு காய்களை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தையில் கத்தரிக்காய் விற்பவர் கூறு கட்டுகிறார் அல்லவா? அதுபோல இந்த நான்கு காய்களையும் கூறு போட வேண்டும். எத்தனை விதமாகப் போடலாம்?

நான்கையும் ஒரே கூறாக வைக்கலாம். மூன்று ஒரு கூறு, ஒன்று ஒரு கூறு என்று வைக்கலாம். இரண்டும் இரண்டுமாக வைக்கலாம். இரண்டு, ஒன்று, ஒன்று என்று வைக்கலாம். நான்கையும் தனித்தனியே வைக்கலாம். ஆக ஐந்து வழி. எந்தக் கூறு முன்னால், எந்தக் கூறு பின்னால் என்பது கணக்கில்லை.

ஐந்து காய்க்கு ஏழு வழி. ஆறு காய்க்குப் பதினொன்று. பத்துக் காய்க்கு 42. இதுவரை பள்ளிக்கூடப் பிள்ளையே எண்ணிவிடும். இருபது காய்க்கு 627 என்றதும் பிள்ளை எழுந்து ஓடிவிடும். ஐம்பது காய்க்கு 2,04,226 வழி. நூறு காய்க்கு 19 கோடியே 5 லட்சத்து 69 ஆயிரத்து 292 வழி!

இருநூறு காய் என்றால்? அது ஒரு கைப்பிடி, இரண்டு கைப்பிடி ஏலக்காய்தான். ஆனால் அதைக் கூறு போடும் வழிகளின் எண்ணிக்கை 3972999029388. அதாவது 3 லட்சத்து 97 ஆயிரத்து 299 கோடியே 90 லட்சத்து 29 ஆயிரத்து 388. ஒரு வினாடிக்கு ஒரு வழி என்று இரவு பகல் ஓயாமல் கூறு போட்டுக்கொண்டே இருந்தாலும், முடிக்க ஒரு லட்சத்து 25 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

இந்த எண்ணோடு பின்னிக் கிடக்கிறது ஒரு தமிழ்நாட்டுக்காரரின் வாழ்க்கை. இரண்டு முறை கல்லூரிப் பரீட்சையில் தோற்றவர் அவர். முப்பத்திரண்டு வயதில் மறைந்தவர். அவர்தான் சீனிவாச ராமானுஜம்.

ஜவுளிக் கடைக் குமாஸ்தாவின் மகன்

ராமானுஜம் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி ஈரோட்டில், தாயின் பிறந்த வீட்டில் பிறந்தார். தந்தை சீனிவாச அய்யங்கார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் குமாஸ்தா. தாய் கோமளத்தம்மாள். சாரங்கபாணி சன்னிதித் தெருவில் சிறிய ஓட்டு வீடு. இரண்டு வயதில் பெரியம்மை கண்டது. பிள்ளை பிழைத்தது பெரிய பாக்கியம்.

1897-இல் தொடக்கப் பள்ளிப் பரீட்சையில் தஞ்சை ஜில்லாவிலேயே முதலாவதாகத் தேறினார். பிறகு கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் சேர்ந்தார். பதினைந்து வயதிருக்கும்போது ஒரு புத்தகம் அவர் கையில் கிடைத்தது. கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்தது. ஆயிரக்கணக்கான கணித உண்மைகள் அதில் வரிசையாக இருந்தன. எப்படி வந்தன என்ற விளக்கம் மிகவும் குறைவு. மற்றவர்கள் அதைப் பார்த்தால் மூடி வைத்துவிடுவார்கள். ராமானுஜமோ ஒவ்வொன்றையும் தாமே போட்டுப் பார்க்க ஆரம்பித்தார். அந்தப் புத்தகத்தில் இல்லாதவையும் அவருக்குத் தோன்றத் தொடங்கின.

அதோடு பிடித்தது சனியன்! 1904-இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தோடு இடம் கிடைத்தது. கணக்கைத் தவிர வேறு எதையும் படிக்க மனம் வரவில்லை. மற்றப் பாடங்களில் தவறினார். உபகாரச் சம்பளம் போயிற்று. வீட்டில் முகம் காட்ட வெட்கப்பட்டு, 1905-இல் ஒருவரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயில் ஏறினார். திரும்பி வந்து, 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் அதே கதைதான். அந்த ஆண்டும் எப்.ஏ. தேறவில்லை, 1907-இலும் தேறவில்லை.

காகிதம் வாங்கக் காசில்லை. சிலேட்டில் கணக்குப் போடுவார். முழங்கையால் அழிப்பார். முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். எப்படி அந்த முடிவுக்கு வந்தார் என்பது சிலேட்டோடு போய்விடும். இந்தப் பழக்கம் பிற்காலத்தில் அவருக்கு ஒரு தொல்லையாயிற்று என்பதைப் பின்னால் காண்போம்.

முப்பது ரூபாய் உத்தியோகம்

1909-இல் ராமானுஜத்துக்குக் கல்யாணம் நடந்தது. மணப்பெண் ஜானகி. கலியாணம் ஆன பிறகு சும்மா இருக்க முடியுமா? நோட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலை தேடிப் புறப்பட்டார். திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமஸ்வாமி அய்யர், இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர். நோட்டைப் புரட்டிப் பார்த்தார். இவரை ஒரு சிறிய ஆபீசில் உட்கார வைப்பது பாவம் என்று எண்ணி, சென்னை நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் தம் கைப்பணத்திலிருந்து கொடுத்து வந்தார்.

பிறர் பணத்தில் வாழ்வது ராமானுஜத்துக்கு உறுத்தியது. 1912 மார்ச் மாதம் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய். அங்கே அவருக்கு மேலே இருந்த நாராயண அய்யரும் கணிதம் படித்தவர். துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் துரையும் ஆதரவு காட்டினார். பகலில் ஆபீஸ் கணக்கு. இரவில் நாராயண அய்யரோடு சிலேட்டுக் கணக்கு.

1913 ஜனவரி 16-ஆம் தேதி, கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி என்ற கணித அறிஞருக்கு ராமானுஜம் ஒரு கடிதம் எழுதினார். பக்கம் பக்கமாகக் கணித முடிவுகள். ஒன்றுக்கும் நிரூபணம் இல்லை. ஹார்டி முதலில் யாரோ ஏமாற்றுகிறார் என்றே சந்தேகித்தார். அன்று இரவு தம் நண்பர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து பார்த்த பிறகு, எழுதியவர் மேதை என்று தீர்மானித்தார்.

அந்தக் கடிதத்தில் ஒரு விசேஷம் உண்டு. அதில் இருந்த எல்லாம் சரியல்ல. ஒரு முடிவு, ராமானுஜம் எழுதியபடி பார்த்தால், தவறு. ஆனால் நம் ஏலக்காய்க் கணக்குக்கு வழி பிறந்தது அந்தத் தவறான முடிவிலிருந்துதான்! ஹார்டி பின்னால் இதை வியந்து எழுதியிருக்கிறார்.

கடல் கடந்து போவது அந்தக் காலத்தில் வைதிகக் குடும்பங்களுக்கு ஆகாத காரியம். தாய் முதலில் சம்மதிக்கவில்லை. குலதெய்வமான நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து உத்தரவு கொடுத்த பிறகே சம்மதித்தார் என்று சொல்வார்கள். 1914 மார்ச் 17-ஆம் தேதி ராமானுஜம் சென்னையில் கப்பல் ஏறினார். ஜானகி ஊரிலேயே தங்கினார்.

பட்டாளத்து மேஜரின் பட்டியல்

சீமையில் அவர் இறங்கிய சில மாதங்களிலேயே முதல் உலகப் போர் மூண்டது. சைவச் சாப்பாடு கிடைப்பது அரிதாயிற்று. தாமே சமைத்துக்கொள்வார், ஒரு நாள் சமைப்பார், ஒரு நாள் மறப்பார். குளிர் வேறு. ஆனாலும் 1914 முதல் 1917 வரை அவர் செய்த வேலை மலைப்பூட்டுவது. 1916-இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை அவருக்கு ஆராய்ச்சிக்காகப் பட்டம் கொடுத்தது. எப்.ஏ. தேறாதவர் கேம்பிரிட்ஜ் பட்டதாரி ஆனார்.

அப்போதுதான் அவரும் ஹார்டியும் கூறு போடும் கணக்கை எடுத்துக்கொண்டார்கள். ஆய்லர் என்ற பழைய மேதை 18-ஆம் நூற்றாண்டிலேயே அதற்கு ஒரு முறை சொல்லியிருந்தார். முந்திய எண்களுக்குரிய விடைகளில் சிலவற்றைக் கூட்டி, சிலவற்றைக் கழித்தால் அடுத்த விடை வரும். முறை சுலபம்தான். ஆனால் இருநூறுக்கு விடை வேண்டுமானால் அதற்கு முந்திய விடைகள் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். நூற்றைம்பதாவது படியில் ஒரு பிசகு நேர்ந்தால் அது அடுத்த படிகளுக்கும் தொற்றிக்கொண்டே போகும்.

இந்தப் பொறுமைச் சோதனையை ஏற்றவர் மேஜர் மக்மகோன். பீரங்கிப் படையில் இருந்தவர். இளவயதில் இந்தியாவிலும் பணியாற்றியவர். அப்போது இங்கிலாந்து சர்க்காரில் எடைக்கல், அளவுகோல்களின் தரத்தைக் காக்கும் இலாகாவில் அதிகாரியாக இருந்தார். கணக்கில் பெரிய சூரர். ஒன்றிலிருந்து இருநூறு வரை ஒவ்வொரு எண்ணாகக் கையாலேயே கணக்கிட்டுப் பட்டியல் போட்டார். கடைசிப் படிக்கு மட்டுமே முந்திய விடைகளில் 22 விடைகளைக் கூட்டிக் கழிக்க வேண்டும். அந்தப் பட்டியலின் கடைசி வரியில் நின்றது 3972999029388.

ராமானுஜமும் ஹார்டியும் போன வழி வேறு. படிப்படியாக ஏறாமல், எந்த எண்ணைக் கொடுத்தாலும் நேரே அதன் விடையைச் சொல்லும் ஒரு சூத்திரம் வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அப்படி ஒரு சூத்திரம் அமைந்தது. அது ஒரே வீச்சில் விடை தருவதில்லை. முதல் பகுதி பெரிய தொகையைத் தரும். அடுத்தடுத்த பகுதிகள் அதைத் திருத்திக்கொண்டே போகும். எடை போடுகிறவர் முதலில் பெரிய கல்லை வைத்து, பிறகு சிறு கற்களைப் போட்டும் எடுத்தும் தராசு முள்ளை நேராக்குவது போல.

இருநூறை வைத்துப் பார்த்தார்கள். முதல் பகுதி 3972998993185 என்று வந்தது. உண்மை விடைக்கு 36 ஆயிரம் சொச்சம் குறைவு. இரண்டாம் பகுதி 36 ஆயிரத்து 283 போலக் கூட்டியது. இப்போது 81 அதிகம். மூன்றாம் பகுதி 87-க்குமேல் கழித்தது. ஏழுக்குக் கொஞ்சம் குறைவாக நின்றது. நான்காவது ஐந்து கூட்டியது. ஐந்தாவது ஒன்றரை போலக் கூட்டியது. மிச்சப் பகுதிகள் மணல் அளவு. எட்டுப் பகுதிகளையும் சேர்த்தபோது வந்த தொகை, மேஜரின் பட்டியலில் இருந்த எண்ணோடு ஆயிரத்தில் நாலு பங்கு மட்டுமே வேறுபட்டது. காய்களின் கூறுகளை எண்ணும் கணக்கில் பின்னத்துக்கு இடமில்லை. பின்னத்தைத் தள்ளினால் பதின்மூன்று இலக்கமும் அப்படியே பொருந்தின!

சூத்திரம் தோராயமாகச் சொன்னால் போதும் என்றுதான் கணித உலகம் அதுவரை எண்ணியிருந்தது. கடைசி இலக்கம் வரை அது சரியாகச் சொல்லும் என்று யார் எதிர்பார்த்தார்கள்? ராமானுஜத்துக்கு மட்டும் அந்த நம்பிக்கை இருந்தது. ஹார்டியை விடாமல் அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போனவர் அவரே. நிரூபணத்தின் நுட்பத்தில் ஹார்டியின் கை ஓங்கி நின்றது. இருவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் காரியம் நடந்திராது. அவர்களுடைய கட்டுரை 1918-இல் வெளிவந்தது.

நாலிலும் ஒன்பதிலும் முடிந்தால்

மேஜரின் பட்டியலைச் சரிபார்ப்பதோடு மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். ராமானுஜம் அதை நாவல் படிப்பதுபோல் படித்தார். அதில் ஒளிந்திருந்த ஒன்று அவர் கண்ணில் பட்டது.

நாலு காய்க்கு 5 வழி. ஒன்பது காய்க்கு 30. பதினாலுக்கு 135. பத்தொன்பதுக்கு 490. இருபத்து நாலுக்கு 1575. காயின் எண்ணிக்கை நாலிலோ ஒன்பதிலோ முடிந்தால், வழிகளின் எண்ணிக்கை மிச்சமில்லாமல் ஐந்தால் வகுபடுகிறது. பட்டியல் முழுவதும் அப்படியே. ஒரு விதிவிலக்குகூட இல்லை.

ஏழுக்கும் இப்படி ஒரு வரிசை உண்டு. ஐந்து காய்க்கு 7 வழி. பிறகு ஏழு ஏழாகக் கூட்டிக்கொண்டே போகலாம். பன்னிரண்டுக்கு 77, பத்தொன்பதுக்கு 490. பதினொன்றுக்கும் உண்டு. ஆறு காய்க்கு 11, பதினேழுக்கு 297.

இது வேடிக்கையான விஷயம். கூறு போடுவது கூட்டல் சம்பந்தப்பட்டது. வகுபடுவது பெருக்கல் சம்பந்தப்பட்டது. இந்த இரண்டுக்கும் இப்படி ஒரு உறவு இருக்கும் என்று ஆய்லருக்குத் தோன்றவில்லை. பட்டியல் போட்ட மேஜருக்கும் தோன்றவில்லை. ராமானுஜம் ஐந்துக்கும் ஏழுக்கும் உரிய விதிகளை நிரூபித்து 1919-இல் வெளியிட்டார். அதோடு நில்லாமல் இன்னும் பெரிய விதி ஒன்றையும் ஊகித்துச் சொன்னார். ஐந்து, 25, 125 என்று ஏறினாலும், ஏழு, 49, 343 என்று ஏறினாலும், பதினொன்றை வைத்து ஏறினாலும் இத்தகைய வரிசைகள் தொடர்ந்து இருக்கும் என்பது அந்த ஊகம். இதற்கு ஆதாரம் அந்த இருநூறு வரிப் பட்டியல்தான்.

உடல் தளர்ந்தது

1917-இலேயே ராமானுஜம் படுத்துவிட்டார். ஆஸ்பத்திரி மாற்றி ஆஸ்பத்திரியாக இருந்தார். காசநோய் என்று கருதி வைத்தியம் நடந்தது. ஈரலில் பரவும் ஒருவகைச் சீதபேதி நோயாக இருக்கலாம் என்று பழைய குறிப்புகளை ஆராய்ந்த ஒரு டாக்டர் 1994-இல் எழுதினார். அது உண்மையானால் அந்தக் காலத்திலேயே வைத்தியம் செய்திருக்கக்கூடிய நோய் அது. பட்னியில் படுத்திருந்தபோது பார்க்க வந்த ஹார்டி, தாம் ஏறி வந்த டாக்சியின் எண் 1729 என்றும் அதில் சுவாரசியம் ஒன்றுமில்லை என்றும் சொன்னதும், இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுவே என்று ராமானுஜம் படுக்கையிலிருந்தே பதில் சொன்னதும் எல்லோருக்கும் தெரிந்த கதை.

1918-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியின் பெல்லோ ஆனார். இந்தியர்களில் அவரே முதல்வர். சென்னை சர்வகலாசாலை ஆண்டுக்கு 250 பவுன் கொடுக்க முன்வந்தது. 1919 ஜனவரியில் ராமானுஜம் அதற்குப் பதில் எழுதினார். தம் பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் கொடுக்க வேண்டும். தம் செலவு போக மிஞ்சும் பணத்தை ஏழைப் பிள்ளைகள், அநாதைப் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளத்துக்குச் செலவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். சம்பளம் கட்ட வழியில்லாமல் உபகாரச் சம்பளத்தை நம்பி நின்று, அதையும் இழந்தவர் எழுதிய கடிதம் அது.

அந்த ஆண்டு மார்ச் மாதம் பம்பாயில் வந்து இறங்கினார். கொடுமுடியில் காவேரிக் கரையில் சில மாதம், கும்பகோணத்தில் சில மாதம் என்று தங்கினார். கடைசியில் சென்னைக்கு வந்தார். உடம்பு எலும்பும் தோலுமாயிற்று. அப்போதும் கணக்கு நிற்கவில்லை. ஜானகி பக்கத்தில் இருந்து பணிவிடை செய்தார். காகிதங்களைப் பொறுக்கி ஒரு பெட்டியில் அடுக்கினார். 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி சேத்துப்பட்டில் ராமானுஜத்தின் உயிர் பிரிந்தது. ஜானகியம்மாள் பிற்காலத்தில் திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து பிழைத்து, 1994 வரை வாழ்ந்தார்.

நாற்பத்து மூன்று வரி தள்ளி

ராமானுஜத்தின் ஊகம் என்ன ஆயிற்று?

பஞ்சாபைச் சேர்ந்த ஹன்ஸ்ராஜ் குப்தா மேஜரின் பட்டியலை எடுத்துக்கொண்டு, அதே கூட்டல் கழித்தலை மேலும் தொடர்ந்தார். இருநூறில் நின்ற பட்டியல் முந்நூறு வரை நீண்டது. ஏழின் வரிசையில் 343-க்குரிய முதல் சோதனை 243-ஆம் வரியில் வருகிறது. ராமானுஜம் பார்த்த பட்டியல் அதற்கு நாற்பத்து மூன்று வரிக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது.

243 காய்க்குரிய விடை 133978259344888. சர்வதமன் சௌலா என்ற இந்தியக் கணித அறிஞர் 1934-இல் இதை 343-ஆல் வகுத்துப் பார்த்தார். வகுபடவில்லை! 49-ஆல் வகுபடுகிறது, இன்னொரு ஏழால் வகுத்தால் மிச்சம் ஐந்து நிற்கிறது. சிலேட்டை அழித்துவிட்டு முடிவை மட்டும் எழுதும் பழக்கம் இங்கே இடறியது. இன்னும் ஐம்பது வரிப் பட்டியல் கையில் இருந்திருந்தால், இந்த இடறல் முதலில் அவர் கண்ணிலேயே பட்டிருக்கும்.

ஆனால் ஊகம் அழிந்துபோகவில்லை. 1938-இல் வாட்சன் என்ற ஆங்கிலேயர் ஐந்துக்கு ராமானுஜம் சொன்னது முழுவதும் சரி என்று நிரூபித்தார். ஏழுக்கு ஒரு சிறு திருத்தம் செய்தால் அதுவும் சரி என்று காட்டினார். அதற்கு முந்திய ஆண்டு ராடமாக்கர் என்பவர் ராமானுஜம்–ஹார்டி சூத்திரத்தில் ஒரு மாறுதல் செய்து, தோராயம் என்ற பேச்சுக்கே இடமில்லாதபடி ஆக்கியிருந்தார்.

பதினொன்றின் வரிசைதான் எல்லோருக்கும் தண்ணி காட்டியது. ராமானுஜம் இறந்து நாற்பத்தேழு ஆண்டு கழித்து, 1967-இல், ஆட்கின் என்ற இன்னொரு ஆங்கிலேயர் அதையும் நிரூபித்தார். பதினொன்றுக்கு ராமானுஜம் சொன்னதில் ஒரு எழுத்தும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.